இரவல் தையல் மெஷினும் பத்து டொலர் சேர்ட்டும்



போன மாதம் எங்கட சந்திப்புக்கு ஒரு தோழர் இரவல் வாங்கின தையல் மெஷினோட வந்தார். நாலு பேர், ஒரு மெஷின், ஒரு பின்னேரம். முடிவில் கரை மடித்த ஒரு ஜீன்ஸ், அளவு குறைத்த ஒரு சேர்ட், அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலையில் இரண்டு பைகள். இடையில் பொபினில் நூல் மூன்று தரம் சிக்கியது. தடித்த ஊசி மாற்றாமல் ஜீன்ஸ் தைக்கப் போய் ஒரு ஊசி உடைந்தது.

"இவ்வளவு பாடுபடுறத்துக்கு, கடையில பத்து டொலருக்குப் புதுச் சேர்ட் வாங்கலாமே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கரை மடிக்க எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் போனது. கை பழகியவர் எங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தைப்பார்தான். ஆனாலும் துணி, நூல், கப்பல், கடை வாடகை, முதலாளியின் லாபம் எல்லாம் பத்து டொலருக்குள் அடங்க வேண்டுமென்றால், தைத்தவருக்கு என்ன மிஞ்சும்?

தைத்தவர் எங்களுக்கு அந்நியர் இல்லை. 1978இல் கட்டுநாயக்கவில் திறந்த வர்த்தக வலயம் இளம் பெண்களின் மலிவான உழைப்பை நம்பியே வளர்ந்தது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற 20 வயதுத் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய மேற்பார்வையாளர். இங்கே சிட்னியிலும் மெல்பேர்னிலும்கூட, குடிபெயர்ந்து வந்த பெண்கள் பலர் வீட்டுக் கராஜுக்குள் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று அடிமாட்டுக் கூலிக்குத் தைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவம்: பழசைத் திருத்திப் போடுவது மட்டும் புரட்சி இல்லை. அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 200,000 தொன்னுக்கு மேல் உடுப்பு குப்பை மேட்டுக்குப் போகிறது. எங்கட இரண்டு பைகள் அதைக் குறைக்காது. மாற்றம் வந்த இடங்களில் அதைக் கொண்டுவந்தது அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்கள். ஜெயஸ்ரீயின் கொலைக்குப் பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வென்றது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் கடப்பாட்டை அது கம்பனிக்கும், அதனிடம் வாங்கிய எச் அண்ட் எம்முக்கும் விதித்தது. இங்கேயும் தொழிற்சங்கமும் வீட்டுத் தையல் தொழிலாளர்களும் நீண்டகாலம் போராடியதால்தான் 2012இல் ஃபெயார் வேர்க் சட்டம் திருத்தப்பட்டது.

அப்ப ஏன் மெஷின் இரவல் வாங்கோணும்? ஆளுக்கொன்று வாங்கி அலுமாரிக்குள் வைப்பதைவிட, பத்துப் பேருக்கு ஒன்று போதும். பொதுவுடைமையைப் பேசும் நாங்கள் ஒரு மெஷினையாவது பொதுவில் வைத்துப் பழகுவம். கூடியிருந்து தைக்கும்போது, தைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கையும் முதுகும் சொல்லித்தரும். அதற்குப் பிறகு விலைச்சீட்டைப் பழைய கண்ணோட பார்க்க ஏலாது.

உங்கட கவுன்சில் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், சில நூலகங்கள் மெஷின் இரவல் தருகின்றன. மெல்பேர்ன் தோழர்கள் பிரன்ஸ்விக் டூல் லைப்ரரியிலும் விசாரிக்கலாம். உங்கட அம்மாவிடமும் கேளுங்கோ. பலர் வீட்டில் ஒரு மெஷின் மூடிக் கிடக்குது, தைக்கத் தெரிந்தவரும் அங்கேயே இருக்கிறார்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு பழைய உடுப்போட வாங்கோ. தைச்சுக்கொண்டே திண்டுக்கல் ஒப்பந்தத்தை வாசிப்பம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு