புது ஜெனரேட்டருக்கு வசூல் செய்ய முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



"பள்ளி ஜெனரேட்டர் இனிச் சரிவராது, புதுசு ஒன்று எடுப்போம்" என்ற பேச்சு இரண்டு வாரமாக நடக்கிறது. வரும் ஜும்ஆவில் வசூல் ஆரம்பிக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். என் கருத்து, இப்போதைக்கு அது வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த ராவு யாருக்கும் மறந்திருக்காது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மேல் பக்கத்து வீடுகளிலும் லயங்களிலும் இருந்தவர்கள், மண் சரியும் என்ற பயத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். ஜெனரேட்டர் சாவியைத் திருப்பினோம். "ர்ர்... ர்ர்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டு நின்றது. கயிற்றால் இழுப்போம் என்றால் கயிறு அறுந்து எத்தனையோ மாதம். "பிறகு மாத்துவோம்" என்று விட்டிருந்தோம். ஒரு சின்னப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தாய் நெபுலைசரைக் கையோடு கொண்டுவந்திருந்தும் போட வழியில்லை. விடியும்வரை அந்தத் தாய் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பியது. ஆனால் அந்த ராவு என் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு புது பெட்டரி போட்டோம். ஒரு மாதம் போகவில்லை, அதே இழுவைச் சத்தம். உடனே "ஸ்டார்ட்டர் போச்சு, எஞ்சின் போச்சு, புதுசு எடுப்போம்" என்று முடிவாகிவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

போன ஞாயிறு த்ரீவீல் ஓட்டும் நானா ஒருவரும் நானும் சேர்ந்து பார்த்தோம். பெட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்போடு தொடவைத்துவிட்டு, சாவியைத் திருப்பிப் பார்த்தோம். சுற்றும்போது 11.4. பெட்டரி பலவீனம் என்றால் இது 9.6க்கும் கீழே விழ வேண்டும். விழவில்லை. அப்படியென்றால் பெட்டரி நல்லது, கரண்ட்தான் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி சுற்றினோம். அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்ட வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 3 வோல்ட். எர்த் வயர் பூட்டியிருந்த நட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பும் துருவும். சேண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினோம். பிளக் வயரை மாட்டி சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் ஸ்டார்ட். வகுப்பில் வருஷா வருஷம் ஓமின் விதி படிப்பிக்கிறேன். தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்று கரும்பலகையில் எழுதத் தெரிந்த எனக்கு, பள்ளி ஜெனரேட்டரில் அதைப் பார்க்க இவ்வளவு நாள் எடுத்தது.

இதே வகை எஞ்சின்தான் தண்ணீர் பம்பிலும், பங்களாக்களில் உள்ள புல் வெட்டும் மெஷினிலும் இருக்கிறது. சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் எதற்கும் இந்த ஒழுங்கு உதவும்:

1. மெதுவாகச் சுற்றுகிறதா, அல்லது வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் பழைய பெட்ரோல், கார்பரேட்டர், பிளக் பக்கம் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் மட்டும் கீழே உள்ளவை.

2. பெட்டரி சும்மா இருக்கும்போது 12.4க்குக் குறைந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், உடனே வீசாதீர்கள். ஓடாமல் கிடக்கும் பெட்டரி தானாகவே இறங்கும். நம்ம ஊர்க் குளிரில் அதன் பலம் இன்னும் குறையும்.

3. பெட்டரி முனைகள், எர்த் வயர் எல்லாவற்றையும் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

4. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். துளையால் பெட்ரோல் ஆவி வரும், அதனால் பிளக் வயரின் முனையைத் துளைக்குத் தூரமாக எஞ்சின் உடம்போடு தொடவையுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது அமுக்கத்தைக் குறைக்கும் ஒரு அமைப்பு இந்த எஞ்சின்களில் உண்டு. வால்வு இடைவெளி கூடிவிட்டால் அது வேலை செய்யாது. பிளக் இல்லாமலும் இழுத்தால் ஸ்டார்ட்டர் பிரஷ் அல்லது பேரிங். அது மெக்கானிக்கின் வேலை.

5. ஒயில் அளவுக்கு மேல் இருக்கிறதா, லொறிக்கு ஊற்றும் தடித்த ஒயிலா என்று பாருங்கள். புல் மெஷின் என்றால் பிளேடில் புல் சுற்றியிருக்கும், பிளக் வயரைக் கழற்றிவிட்டே கையை வையுங்கள்.

ஐந்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடிக்க வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகி எரியும். ஜெனரேட்டரை ஒருபோதும் உள்ளே வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் புகைக்கு ஆளைக் கொல்லும் சக்தி உண்டு.

நிர்வாகத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கயிறு அறுந்த நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாங்குவதற்கு என்றால் நாம் எல்லோரும் அள்ளிக் கொடுக்கிறோம், ஸதகதுல் ஜாரியா என்று பெயரும் எழுதி ஒட்டுகிறோம். பராமரிக்க என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை. பள்ளிச் சாமான் அமானிதம். அதன் எர்த் வயரும் அமானிதம்தான். இந்த ஜெனரேட்டர் பள்ளி முழுவதற்கும் காணாது என்று கணக்குப் பார்த்துச் சொன்னால் அது வேறு பேச்சு, அப்போது நானும் கொடுப்பேன். பராமரிக்க ஆள் இல்லாமல் புதுசு எடுத்தால் அடுத்த புயலில் அதுவும் இதே சத்தம்தான் போடும்.

என் யோசனை இவ்வளவுதான். புதுக் கயிறு ஒன்று, பெட்டரி சார்ஜர் ஒன்று, பள்ளிக்கென்று நெபுலைசர் ஒன்று. லைனில் வேலை செய்யும் மின்சார ஊழியருக்கு நம் கரண்ட் போய் அடிக்காமல் இருக்க, மெயினையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று. மாதம் ஒருமுறை கால் மணித்தியாலம் ஓட்டிப் பார்த்து கொப்பியில் திகதி எழுத ஓ.எல். முடித்த இரண்டு தம்பிமார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் த்ரீவீல் நானாவும் தயார்.

வரும் ஞாயிறு சுபஹுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் இருப்போம். மீட்டர் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வீட்டில் இழுக்கும் பம்ப், புல் மெஷின் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம் இன்ஷா அல்லாஹ்.