எளிய சிகிச்சை, கடினமான மேற்பார்வை

மனச்சோர்வுக்கான சிபிடியில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கேட்டால், எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பகுதியே அதன் உயிர்நாடி என்று நம்மில் பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறோம். ஆரன் பெக் வகுத்த கோட்பாட்டில் ஊறியவர்களுக்கு அது இயல்பான பதில்தான். ஆனால் 1996இலேயே ஓர் ஆய்வு அந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்துவிட்டது. அதன் முடிவை நாம் வகுப்பில் சொல்கிறோம். சிகிச்சை அறைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

நீல் ஜேக்கப்சன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு அது. பெருமனச்சோர்வுள்ள 150 வெளிநோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டார்கள். முதல் பிரிவுக்குச் செயலூக்கம் மட்டும்: அன்றாடச் செயல்களைக் குறித்துவைப்பது, தள்ளிப்போட்ட வேலைகளைச் சிறு படிகளாக்கிச் செய்வது. அடுத்த பிரிவுக்கு அதனுடன் தானாக எழும் எண்ணங்களைச் சோதிக்கும் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு அடிப்படை நம்பிக்கைகள் வரை தொடும் முழுச் சிகிச்சை. சிகிச்சை முடிந்தபோதும், ஆறு மாதம் கழித்தும், மூன்றுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இரண்டாண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் அப்படியே. இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது, சிகிச்சையளித்தவர்கள் யார் என்பது. அவர்கள் அறிதிறன் சிகிச்சையில் அனுபவசாலிகள்; முழுச் சிகிச்சைதான் ஜெயிக்கும் என்று நம்பியவர்கள். அவர்களுடைய நம்பிக்கைக்கு எதிராகவே முடிவு வந்தது. சிகிச்சையாளரின் சாய்வு முடிவை வளைக்கும் என்று எல்லா ஆய்வுகள்மீதும் நாம் வைக்கும் குற்றச்சாட்டு இங்கே செல்லாது.

பிரிவுக்கு ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ‘வேறுபாடு இல்லை’ என்று நிறுவ முடியாது என்பார்கள். நியாயமான மறுப்பு. 2006இல் சோனா டிமிட்ஜியனும் சகாக்களும் 241 பேரிடம் சோதித்தபோது, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் செயலூக்கம் மருந்துக்கு இணையாக நின்றது. அறிதிறன் சிகிச்சையை முந்தியது. பத்தாண்டு கழித்து, இங்கிலாந்தின் டெவன், டர்ஹாம், லீட்ஸ் பகுதிகளில் 440 பேரைக் கொண்டு ‘கோப்ரா’ ஆய்வு வந்தது. ஒரு பக்கம் தொழில்முறை உளச்சிகிச்சையாளர்கள் தந்த சிபிடி. மறுபக்கம், உளச்சிகிச்சையில் தொழில்முறைப் பயிற்சி பெறாத இளநிலை மனநலப் பணியாளர்கள் தந்த செயலூக்கம். ஓராண்டு கழித்து பிஎச்க்யூ-9 சராசரி இரு பிரிவிலும் 8.4. செயலூக்கத்துக்கான செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வந்தது. விக்ரம் படேலும் ‘சங்காத்’ நிறுவனத்தாரும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஓரளவு கடுமையானது முதல் மிகக் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 495 பேர். ஆலோசகர்கள் மனநலத் துறையைச் சேராத உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள், முக்கியமாகச் செயலூக்கம். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். மருத்துவரின் கவனிப்பை மட்டும் பெற்ற பிரிவில் 39. தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும் குறைந்தன. பலன் ஓராண்டு வரை நீடித்தது. ஒப்பீட்டுப் பிரிவினருக்கு இதே அளவு நேரம் பரிவோடு பேசும் வேறொரு துணை தரப்படவில்லை என்ற குறையையும் சொல்லியாக வேண்டும்.

நம் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பலர் ‘உடம்பெல்லாம் அசதி, ராத்திரி தூக்கமில்லை’ என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்கள் கையில் ஏழு பத்தி எண்ணப் பதிவேட்டைக் கொடுத்தால், அடுத்த வாரம் அது வெறுமையாகத் திரும்பி வரும். அல்லது அவர் வரவே மாட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி அவருக்குப் புரியும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேலை நாட்டுக் கையேடுகளின் ‘இன்பம் தரும் செயல்கள்’ பட்டியல் நம்மூர் மருமகளுக்கு உதவாது. அவருக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கவே மாமியாரிடமோ கணவரிடமோ பேச வேண்டியிருக்கும். அக்கா வீட்டுக்குப் போய்வருவது, நின்றுபோன தையலை மறுபடி தொடங்குவது, வெள்ளிக்கிழமை கோயில் என்று அவருடைய வாழ்க்கைக்குள்ளிருந்தே தேட வேண்டும். குடும்பத்தினர் ஒருவரை அழைத்துப் பேசும் அமர்வை விருப்பத் தேர்வாக அல்லாமல் முதல் வாரத்திலேயே வைப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டில் வன்முறை இருக்கிறதா என்று அவரைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே யாரை அழைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த வாதம் மனச்சோர்வுக்கு மட்டுமே பொருந்தும். எண்ணச் சுழற்சி நோய்க்கு அஞ்சுவதை நேரில் எதிர்கொண்டு, சடங்கைத் தடுக்கும் பயிற்சி வேண்டும். அதைச் செயலூக்கத்தால் ஈடுசெய்ய முடியாது.

கோவா ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் ‘சாதாரண ஆட்களே போதும்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி அவற்றைக் கேட்டு, தர அளவுகோல் வைத்து ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். முதலில் நிபுணர்கள் வழிநடத்தினார்கள். பழகிய பின் ஆலோசகர்களே பொறுப்பேற்றார்கள். கோப்ரா ஆய்விலும் இளநிலைப் பணியாளர்களுக்கு முறையான மேற்பார்வை இருந்தது. அதாவது, எளிதாக்கப்பட்டது சிகிச்சை மட்டும்தான். அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு சற்றும் எளிதானதல்ல.

நம்மூரில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், மேடையில் குழுப்படம், அதோடு சரி. பயிற்சி பெற்றவர் அடுத்த மாதம் அறைக்குள் என்ன பேசுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் அமர்வையும் யாரும் கேட்பதில்லை. இரண்டாவதைச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது.

இந்தியாவில் மனநலப் பாதிப்புள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோய்வகைக்கு ஏற்ப, 70 முதல் 92 விழுக்காடு என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு மதிப்பிட்டது. நிபுணர்களை மட்டும் வைத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது. தமிழ்நாட்டில் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். அவர்கள் தலையிலேயே இதையும் கட்டிவிடலாம் என்ற யோசனை எளிதில் வரும். மேற்பார்வைக்கு ஆளும் நேரமும் சம்பளமும் ஒதுக்காமல் அப்படிச் செய்தால் கோவாவின் பலன் இங்கே கிடைக்காது. ‘நம் மக்களுக்கு இதெல்லாம் சரிவராது’ என்று பழியைச் சிகிச்சையின் மேல் போட்டுவிடுவோம்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழுக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பயிலரங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த அறிவுத் தேர்வு மதிப்பெண்களையே தருகின்றன. அவை இனி வேண்டாம். அமர்வுகளை நோயாளியின் ஒப்புதலோடு பதிவு செய்து, சக ஊழியர் ஒருவரைக் கேட்கச் சொல்லி, மதிப்பிட்டு, ஒவ்வொரு வருகையிலும் பிஎச்க்யூ-9 எடுத்து, அந்தத் தரவை அனுப்புங்கள். பத்து நோயாளிகள் இருந்தாலும் போதும். முன்னேற்றம் இல்லாதவர்களையும் பாதியில் நின்றவர்களையும் விட்டுவிடாமல் அனுப்புங்கள். அவற்றுக்கு இங்கே இடம் உண்டு.