பெட்டிக்கு ஒட்டுப்பலகை, கதவுக்கு மரம்

சமையலறை அலமாரிக்குக் கதவு போடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நம் ஊரில் பல வீடுகளில் அது சிரிப்பாக இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு நம் கரையைக் கடந்த அந்தப் புயலில், ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். தண்ணீர் வடிந்தபின் வாசலில் வந்து விழுந்த சாமான்களில் கட்டில், மெத்தைக்கு அடுத்தபடியாக நான் பார்த்தவை அலமாரிக் கதவுகள்தான். மேலே பளபளவென்று மைக்கா. கீழ் ஓரம் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

அவை மரக்கதவுகள் அல்ல. மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்த பலகைகள். ஓரத்தில் ஒட்டிய பட்டி விட்டுப்போய் உள்ளே நீர் இறங்கினால் பலகை பருக்கும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீலுக்குப் போட்ட திருகும் பிடி விட்டுவிடும். அதற்குப் புயல்கூட வேண்டாம். தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகினாலே போதும்.

மரமும் ஈரத்தில் பருக்கும். ஆனால் காய்ந்தால் இளைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இதை "லெ புவா த்ரவாய்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், மரம் வேலை செய்கிறது என்று பொருள். பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் சின்ன வயதிலேயே தெரியும். அதன் முழு அர்த்தம் விளங்கியது, ஓய்வு பெற்றபின் பின்கட்டில் ஒரு பட்டறை மேசை போட்டு, கையில் இழைப்புளி பிடித்தபோதுதான். அலுவலகத்தில் நாங்கள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த காலத்திலும் எங்கள் மேசைகள் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன!

மரம் நீளவாக்கில் அநேகமாக நீள்வதும் இல்லை, குறைவதும் இல்லை. அகலவாக்கில்தான் அதன் ஆட்டம். அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, ஓர் அடி அகலப் பலகை கோடைக்கும் மழைக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதை நான்கு பக்கமும் ஆணி அடித்து, பசை போட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் சட்டம் பிரியும். கடற்கரை ஊரான நமக்கு இது இன்னும் முக்கியம்.

இதற்கான வழியை நம் ஆசாரிகளும் கண்டிருந்தார்கள், ஐரோப்பியத் தச்சர்களும் கண்டிருந்தார்கள். பழைய வீட்டு வாசற்கதவை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் பலகை. சட்டத்தின் மூலைகள் கழுந்தும் துளையுமாகப் பூட்டியிருக்கும். நடுப்பலகையோ சட்டத்தின் உட்புறக் காடியில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. மழைக்காலத்தில் விரிய இடம், வெயிலில் சுருங்க இடம். கதவின் வெளி அளவு அதிகம் மாறாது.

சமையலறைக் கதவுக்கும் இதே கணக்குத்தான், அளவுதான் சிறிது. சட்டம் இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்கு மேல் கனம். காடி இரண்டு நூல் அகலம், மூன்று நூல் ஆழம். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். பள்ளியில் மீட்டர் அளவில் படித்தவன்தான் நான். ஆனாலும் உளி பிடிக்கும்போது நூல் கணக்குத்தான் கைக்கு வருகிறது. நடுப்பலகையைக் காடிக்குள் முட்டும் அளவுக்கு வெட்டக் கூடாது. அகலத்தில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டராவது விட வேண்டும். சித்திரை வெயிலில் செய்தால் இன்னும் கொஞ்சம் கூட. கார்த்திகை மழையில் செய்தால் பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும், அவ்வளவு வேண்டாம்.

இன்னொன்று. பலகைக்கு வார்னிஷோ எண்ணெயோ பூசிக் காயவைத்த பிறகுதான் சட்டத்தில் கோக்க வேண்டும். கோத்தபின் பூசினால், பலகை சுருங்கும் மாதங்களில் ஓரத்தில் பூச்சில்லாத வெள்ளைக் கோடு தெரியும். பசை மூலைகளுக்கு மட்டும். இறுக்கியவுடன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் கதவு சதுரம்.

என்னை முழுப் பழமைவாதி என்று நினைக்க வேண்டாம். அலமாரியின் பெட்டிக்கு நல்ல ஒட்டுப்பலகைதான் சரி என்பது என் கருத்து. அது நீளம், அகலம் எதிலும் அதிகம் அசையாது. தண்ணீர்ப் புழக்கம் உள்ள இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் கதவு அப்படியல்ல. தினமும் இருபது தடவை திறக்கிறோம், ஈரக்கையோடு தொடுகிறோம், காலால் தள்ளி மூடுகிறோம். அடி வாங்குகிற பொருள் பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மரக்கதவில் திருகு தளர்ந்தால் துளையில் ஒரு குச்சியைப் பசையோடு அடைத்து மறுபடி முடுக்கலாம். கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். கனம் போதுமானதாக இருப்பதால் இப்போது வரும் 35 மில்லிமீட்டர் கிண்ணக் கீலையும் அதில் பதிக்கலாம்.

விலை அதிகம், கரையான் வரும், செய்ய ஆள் இல்லை என்று மூன்று ஆட்சேபணைகள் வரும். மூன்றும் நியாயமானவைதான். புதுத் தேக்கின் விலை ஓய்வூதியக்காரர் வாங்குகிற விலையில் இல்லை. கரையானுக்கும் உளுவுக்கும் முதலில் இரையாவது மரத்தின் வெள்ளைப் பகுதி. வைரம் பாய்ந்த தேக்கை அவை சுலபத்தில் தொடுவதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த மலிவான நல்ல மரம், இடிக்கிற வீட்டு மரம். பழைய உத்திரம், ஜன்னல் கதவு, மச்சுப் படிக்கட்டு எல்லாம் பல பத்தாண்டுகள் காய்ந்து, ஆட வேண்டிய ஆட்டத்தில் பெரும்பகுதியை ஆடி முடித்தவை. அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். நீள அறுப்பை அறுவை மில்லில் கொடுத்துவிடலாம். நம் வயதில் வேட்டியோடு சுழல் ரம்பத்தின் பக்கம் போக வேண்டிய அவசியம் இல்லை. மற்றதைக் கையாலேயே, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாகச் செய்யலாம். தூசிக்கு மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

என் மனத்தை உறுத்துவது இதுதான். பட்டியலில் உள்ள பாரம்பரியக் கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்க இன்டாக் போன்ற அமைப்பு இருக்கிறது. பட்டியலில் இல்லாத, தமிழர் தெருக்களின் சாதாரண வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? இடிக்கும் அன்று பழஞ்சாமான்காரர் வருகிறார், தூணும் கதவும் லாரி ஏறுகின்றன, மிச்சம் விறகாகிறது. அந்த இடத்தில் எழும் அடுக்ககத்தின் சமையலறையில் தூள் பலகைக் கதவு மாட்டுகிறோம். நம் தாத்தா வாங்கிய தேக்கை விற்று, நம் பேரப்பிள்ளைகளுக்குக் குப்பையை வாங்கி வைக்கிறோம். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது, எனக்கும் தெரியும். பாகப்பிரிவினை, வரி, ஒழுகும் மச்சு எல்லாம் உண்மையான கஷ்டங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இடிப்பு வேலை வந்தால், பழஞ்சாமான்காரருக்குத் தகவல் சொல்லும் முன் இரண்டு உத்திரங்களையும் நான்கு ஜன்னல் கதவுகளையும் தனியே எடுத்து, மழை படாத இடத்தில் தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். ஒரு சமையலறையின் கீழ் வரிசைக் கதவுகளுக்கு அது போதும். செய்ய உங்களுக்குக் கை வராவிட்டால், வயதான ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு பையனையும் உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். காடியில் ஏன் பசை போடவில்லை என்று அந்தப் பையன் கேட்பான். ஆசாரி அவனுக்குச் சொல்லுவார்.