டேட்டாவை அழித்தது தண்ணீரா, அவசரமா?

"தண்ணி பூந்துடுச்சு, டேட்டா எல்லாம் போச்சு." வடசென்னையில் வெள்ளம் வடிந்த பிறகு கேட்கிற வசனம் இது. பாதி நேரம் இது உண்மையில்லை. தண்ணீர் டேட்டாவை அழிப்பதில்லை. அதற்கப்புறம் மனுஷன் செய்கிற காரியம்தான் அழிக்கிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் தண்ணீர். போதாக்குறைக்கு எண்ணெய்க் கசிவு வேறு. தரைத்தளத்துக் கடையில் மேஜைக்குக் கீழே இருக்கிற சி.பி.யூ. இதில் தப்புமா?

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. தண்ணீர் அது வழியாக உள்ளே போகும். ஆனால் தகவல் காந்தப் பதிவாகத் தட்டில் அப்படியேதான் இருக்கும். வடிந்த மறுநாள் வெயிலில் காயவைத்து, "ஒரு தடவை ஆன் பண்ணிப் பாப்போமே" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். காய்ந்துபோன உப்பும் சேறும் நடுவில் இருந்தால் தட்டு முழுக்கக் கீறல். அதற்குமேல் எந்த லேபும் கைவிரிக்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, ஆன் செய்யாமல் லேபுக்குக் கொடுப்பதே சரி.

ஃபைலைத் தெரியாமல் டெலிட் செய்தாலும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் என்றால் பட்டியலில் பேரை அடிப்பது மட்டுமே. ஃபைல் அங்கேயே கிடக்கும், அதன்மேல் வேறொன்று எழுதும்வரை. அப்போது செய்யவேண்டியது ஒன்றே: கம்ப்யூட்டரை நிறுத்துவது. நடப்பது என்ன? ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் டவுன்லோட் செய்து, மீட்கவேண்டியதன் மேலேயே எழுதுகிறார்கள். சில சர்வீஸ் கடைகளோ கேட்காமலே விண்டோஸை மறுபடி போட்டு, "சிஸ்டம் ரெடி சார்" என்கின்றன. சிஸ்டம் ரெடி, கணக்கு எங்கே? எஸ்.எஸ்.டி. என்றால் இன்னும் மோசம். ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைத் தானாகவே துடைத்துவிடும்.

"விதி சார்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2003-ல் கொலம்பியா விண்கலம் உடைந்து சிதறியபோது, அதிலிருந்த 400 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வானத்திலிருந்து விழுந்து கருகிக் கிடந்தது. அதிலிருந்தே சுமார் 99 சதவீதத் தகவலை எடுத்தார்கள். கருகிக் கிடந்ததால் "ஆன் பண்ணிப் பாப்போமே" என்று யாரும் கைவைக்கவில்லை!

"லேபுக்குக் கொடுக்க யாரிடம் காசு இருக்கு?" நியாயமான கேள்வி. ராயபுரத்தில் மீன் வியாபாரம் செய்பவருக்கும் சின்ன லாரி ஆபீஸுக்கும் அது பெரிய தொகைதான். அதனால்தான் காப்பி வேண்டும் என்பது. டேலி பேக்கப்புக்கு ஒரு பென் டிரைவ் போதும். ஆனால் அந்தப் பென் டிரைவை அதே மேஜை டிராயரில் வைப்பது, ரெண்டு சாவியையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற புத்திசாலித்தனம். அது மாடி வீட்டிலோ வேறு ஏரியாவில் இருக்கும் மச்சான் வீட்டிலோ இருக்கவேண்டும்.

கம்பெனிகள் தினமும் பேக்கப் எடுக்கவேண்டும் என்று 2022-ல் விதியையே திருத்தினார்கள். "நாங்க கம்பெனி இல்லையே" என்று தப்பிக்கமுடியாது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தாலே ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். 72 மாதம் என்றால் ஆறு வடகிழக்குப் பருவமழை!

பி.காம். படிப்பில் டேலியில் என்ட்ரி போடச் சொல்லித் தருகிறார்கள். அந்த என்ட்ரியை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் அதே அளவு முக்கியம். அடுத்த மழைக்கு முன்னாடி அதையும் கற்றுக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.