பிரசங்கம் முடிந்த பிறகு



ஜூலை 31-ஆம் தேதி புனித இஞ்ஞாசியார் திருநாள். தவக்காலம் முடிந்து இத்தனை வாரங்கள் ஆகியும் உங்கள் கடிதங்களில் ஒரு குறை ஓயவில்லை. தியானத்துக்குப் போனோம், சாமியார் அருமையாகப் பேசினார், கண் கலங்கியது, ஆனால் வீட்டுக்கு வந்த சில நாளில் எல்லாம் கரைந்துவிட்டது என்கிறீர்கள். இதற்கு இஞ்ஞாசியாரிடம் ஒரு பதில் இருக்கிறது. பேச்சாளர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

நம் பங்குகளில் தியானம் என்றால் மூன்று நாள், ஒலிபெருக்கி, பாட்டு, நீண்ட பிரசங்கம். கேட்பவருக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல் தொடங்கும்போதே வழிகாட்டுபவரை அடக்கிவைக்கிறது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நிறைய அறிந்துகொள்வதால் ஆன்மா நிறைவதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதால்தான் நிறைகிறது என்பது அவர் சொல்லும் காரணம். படைத்தவர் தம் பிள்ளையோடு நேரடியாகப் பேசட்டும், வழிகாட்டி எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்றும் கண்டிப்பாக எழுதிவைத்தார். நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சி ஆவதுபோல இவை ஆன்மாவுக்குப் பயிற்சி என்கிறார். ஒருவர் நமக்காக நடந்துகொடுக்க முடியாது அல்லவா?

இதை அவர் எந்த மடத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய வலது கால் நொறுங்கியது. அப்போது வயது முப்பதை ஒட்டி. எலும்பு கூடியபின் ஒரு துண்டு துருத்திக்கொண்டு நின்றது. அழகான காலணி அணிய முடியாதே என்று அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அவ்வளவு பகட்டுக்காரர்! லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்த படுக்கை. வீரக்கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றி ஒரு நூலும் புனிதர்களின் வரலாறும்தான்.

படிக்காத நேரத்தில் பகற்கனவு காண்பார். ஒரு சீமாட்டியை எண்ணி, அவளுக்காகச் செய்யப்போகும் சாகசங்களை எண்ணி, மூன்று நான்கு மணி நேரம் போவதே தெரியாது. வேறு சில வேளைகளில் பிரான்சிஸ் அசிசியார் செய்ததை நானும் செய்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டும் எண்ணும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. பல நாள் இதை அவர் கவனிக்கவே இல்லை. ஒருநாள் கண் திறந்தது என்று பின்னாளில் தம் வரலாற்றைச் சொல்லும்போது குறிப்பிடுகிறார். அவர் நிறுவிய இயேசு சபையார் இன்று ‘தேர்ந்து தெளிதல்’ என்று கற்பிப்பதன் வேர் இந்தக் கட்டிலில் இருக்கிறது. ஓர் எண்ணம் எவ்வளவு இனிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், போன பிறகு உள்ளே எதை விட்டுப் போகிறது என்றும் பார்ப்பது.

1522-இல் மோன்செராத் மாதா பீடத்தில் வாளை விட்டுவிட்டு மன்ரேசா வந்தார். அங்கே கழிந்த பத்துப் பதினொரு மாதங்களில் பாவ சந்தேகம் பிடித்து ஆட்டியது, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம்கூட வந்தது, ஒளியும் வந்தது. அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் நூலாகி, 1548-இல் மூன்றாம் பவுல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றன. குறிப்பெழுதத் தொடங்கியபோது அவர் ஒரு பொதுநிலையினர். குருவானது 1537-இல்தான். இறையியல் படிக்காதவன் ஆன்மாக்களுக்கு வழிகாட்டுவதா என்று சந்தேகப்பட்டு, 1527-இல் அல்காலாவில் அவரை 42 நாள் சிறையில் வைத்தார்கள். அவரிடம் வந்தவர்களில் சாதாரணப் பெண்கள் பலர். இந்தப் பயிற்சி குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது என்று ஒதுங்கும் வாசகர்கள் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயிற்சியில் என்னதான் செய்கிறார்கள்? எனக்குப் பிடித்த பகுதி கற்பனை. 1523-இல் எருசலேமுக்குப் போன இஞ்ஞாசியார், ஆண்டவர் விண்ணேறிய இடத்தில் பதிந்திருப்பதாகச் சொல்லப்படும் பாதச் சுவடுகளைக் காண, காவலருக்குத் தம் பேனாக்கத்தியைக் கொடுத்து உள்ளே போனார். பிறகு, வலது பாதம் எந்தப் பக்கம், இடது பாதம் எந்தப் பக்கம் என்று சரியாகப் பார்க்கவில்லையே என்று தோன்ற, மறுபடி ஓடிப்போய்க் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறப்புத் தியானத்திலும் அதே கண்தான் வேலை செய்கிறது. நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழி எவ்வளவு நீளம், சமவெளியா பள்ளத்தாக்கா, குகை எவ்வளவு தாழ்வு என்று பார்க்கச் சொல்கிறார். பிறகு, நீயும் ஓர் எளிய பணியாளாக அங்கே நின்று அவர்களுக்கு வேண்டியதைச் செய் என்கிறார். வெந்நீர் வைப்பதா, கழுதைக்குத் தீனி போடுவதா என்பது உங்கள் பாடு. கடைசியில் நண்பனோடு நண்பன் பேசுவதுபோல ஆண்டவரோடு பேச்சு.

எல்லாருக்கும் இது வராது. அவிலா தெரேசம்மாளே தமக்குக் கற்பனை வரவில்லை என்று ஒப்புக்கொண்டவர். பல ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் ஜெபிக்க உட்காரவே அவர் அஞ்சினார். அப்படிப்பட்டவர்களுக்கு இஞ்ஞாசியார் எளிய முறை ஒன்றும் தருகிறார்: பரலோக மந்திரத்தை ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லுங்கள். அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லிலேயே இருங்கள். நாம் சொல்லும் வேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

முழுப் பயிற்சி நான்கு ‘வாரம்’, ஏறக்குறைய முப்பது நாள், மௌனத்தில். 1534-இல் பாரீசில் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் அதைச் செய்தவர்தான் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார். அவர் தங்கி ஜெபித்ததாக மணப்பாட்டு மக்கள் கடலோரக் குகை ஒன்றைக் காட்டுவார்கள். போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். முப்பது நாள் விடுப்புக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்களுக்காகவே நூலில் பத்தொன்பதாம் முன்குறிப்பு இருக்கிறது. வேலையும் பொறுப்பும் உள்ளவர் வீட்டிலிருந்தபடியே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, மாதக்கணக்கில் மெதுவாகச் செய்யலாம். ஒரு வழிகாட்டி வேண்டும், அவ்வளவுதான்.

அதுவும் முடியாதவர்களுக்கு ஆன்ம சோதனை. இயேசு சபையார் நாளுக்கு இருமுறை, கால் மணி நேரம் செய்வது. நம்மில் பலருக்கு இது பாவங்களை எண்ணும் வேலை என்ற நினைப்பு. 1580-இல் அன்றீக் அடிகளார் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவசங்கீர்த்தன நூலின் காலம் முதல் பாவசங்கீர்த்தனத்தோடு சேர்த்தே பழகிவிட்டோம். இஞ்ஞாசியார் வைத்த வரிசையில் முதலில் வருவது நன்றி. பிறகு ஒளி கேட்பது. அதன்பின்தான் மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். நன்றியைத் தாண்டாமல் பாவத்துக்குப் போகாதீர்கள், ஆளே மாறிப்போவீர்கள்.

மனம் வறண்டால்? வறட்சியான நேரத்தில் எந்த முடிவையும் மாற்றாதே என்பது அவர் விதி. ஜெப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்கு மேலும் கொஞ்சம் உட்காரச் சொல்கிறார். பிடிவாதக்காரப் படைவீரர்!

ஆகஸ்ட் இதழ் முதல் ஒரு பக்கத்தை இந்தப் பயிற்சிக்கு விடுகிறோம். மாதம் ஒரு நற்செய்திக் காட்சி, இடத்தைப் பற்றிச் சில வரிகள், இரண்டு மூன்று கேள்விகள், மீதி வெற்றிடம். முதல் காட்சி எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயு, மாற்கு 10:46-52. விளக்கவுரை இருக்காது. அதைத்தான் முதலில் படிப்போம் என்கிற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்