14,000 கிலோமீட்டர் என்பது யாருடைய தூரம்?

"பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமே இருக்கிறது, வருவதில் என்ன தடை?" 2024-இல் ஒரு மாநாட்டில் இணையவழியே கட்டுரை வாசிக்க அனுமதி கேட்டபோது எனக்குக் கிடைத்த மறுமொழி இது. கேள்வியில் தீங்கில்லை. ஆனால் அதனுள் பொதிந்துள்ள கருத்து, தூரம் எல்லோர்க்கும் ஒன்றே என்பது, பொய்.

உண்மைகளை முதலில் வைக்கிறேன். 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம், பெண் விமானிகள் செலுத்த, வடதுருவம் வழியாக 11-ஆம் தேதி அதிகாலை பெங்களூரில் இறங்கியது. பறந்த நேரம் ஏறத்தாழ 17 மணி. உலக உருண்டையின்மீது நூல் பிடித்து அளந்தால் இடைவெளி சுமார் 14,000 கி.மீ.; அன்றைய செய்திகளோ 16,000 என்றன. முன்னது நிலவியலின் எண். பின்னது பறந்த வழியின் எண்.

அவ்வழியும் எல்லோர்க்கும் திறந்ததன்று. இதே இரு நகரங்களை இணைக்கப்போவதாக யுனைடெட் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. தொடக்கம் தள்ளிக்கொண்டே போயிற்று; 2022-இல் அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் அத்திட்டம் கரைந்தே போனது. ஏர் இந்தியாவோ ரஷ்யாவின்மேல் பறந்துகொண்டிருந்தது. பூமி மாறவில்லை, அனுமதி மாறியது.

நம் முன்னோரின் அளவை இவ்வகையில் நேர்மையானது. ஏழரை நாழிகை வழி ஒரு காதம். ஏழரை நாழிகை மூன்று மணி நேரம். காதத்தை அகராதிகள் சுமார் 10 மைல் என்கின்றன. அதாவது, ஒரு மனிதர் நடக்கும் வேகம் அந்த அளவைக்குள்ளேயே இருக்கிறது. யார், எப்படிச் செல்கிறார் என்பதை மறைக்காத அளவை அது. சில்க் போர்டு எவ்வளவு தூரம் என்று கேட்டால் இன்றும் பெங்களூர்வாசி மணிக்கணக்கில்தான் விடை சொல்வார்.

அந்த அளவையால் என் தூரத்தை அளக்கிறேன். அன்று பெங்களூரில் அமெரிக்கத் துணைத்தூதரகம் இல்லை. ஆகவே கலிபோர்னியாவுக்கான என் பயணம் சென்னையில் தொடங்கவேண்டும். அதற்குமுன் நேர்காணல் நாளுக்காகக் காத்திருக்கவேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இருவழிப் பயணச்சீட்டுக்கு ஒரு மாதத் தொகை போதாது. எதிர்த்திசையில் வரும் அமெரிக்கப் பேராசிரியர் வீட்டிலிருந்தே மின்விசா பெறுகிறார். அவருக்கு 17 மணி நேரம். எனக்குப் பல மாதங்கள். இவ்விரண்டையும் ஒரே எண்ணால் குறிப்பது அறிவியலன்று, அலட்சியம்.

மாநாடு நடத்தும் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன்: இணையவழிப் பங்கேற்பு சலுகையன்று, தூரத்தைச் சரியாக அளப்பவர் செய்யவேண்டிய கடமை. அதை மறுத்துவிட்டு, வராதவரை ஆர்வமற்றவர் என்று பதிவு செய்யாதீர்கள்.