கார் நடுங்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இல்லாதவர்கள் படித்தாலும் நட்டமில்லை.

சென்ற வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் புறப்பட்டோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. வண்டியை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் நின்றேன். ஸ்டீயரிங் கையில் கிடந்து நடுங்கியது. "ஏங்க, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றார் என் வீட்டம்மா. கேட் திறந்து வண்டி வேகமெடுத்ததும் நடுக்கம் அடங்கிவிட்டது. ஆனால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை.

மறுநாள் ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "இன்ஜின் மவுண்ட் போயிடுச்சு சார். மூணையும் மாத்தணும். அப்படியே இன்ஜெக்டர் கிளீனிங்கும் பண்ணிடலாம்" என்றார்கள். மதிப்பீடு 14,600 ரூபாய். "மவுண்ட்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "அனுபவம் சார்" என்று பதில் வந்தது.

பென்ஷன்காரனுக்கு 14,600 சின்னத் தொகை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஊர் எல்லையில் என் பழைய மாணவர் ஒருவர் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். "எப்பத்திலேர்ந்து சார்? நிக்கும்போது மட்டுமா, ஓடும்போதுமா? ஏசி போட்டா அதிகமாகுதா? பிளக் கடைசியா எப்ப மாத்தினீங்க?" பிறகு என்னைச் சைலன்சர் பக்கம் கூட்டிப்போய்ச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சீராக வந்துகொண்டிருந்த சத்தம் நடுநடுவே விக்கியது. "மவுண்ட் மட்டும் போயிருந்தா பாடி ஆடும், இந்தச் சத்தம் சீரா இருக்கும் சார். இது மிஸ்ஸிங் அடிக்குது" என்றார்.

ஸ்கேனரை மாட்டினார். பி0302 என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

என் வண்டிக்கு நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிய வேண்டும். ஆக, ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் நிமிடத்துக்கு 400 முறை அடி தவறுகிறது. நொடிக்கு ஆறேழு முறை. அதைத்தான் கை உணர்கிறது. வேகம் கூடும்போது ஃப்ளைவீல் அந்த இடைவெளியைச் சமாளித்துவிடுவதால் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றி மாட்டினார். வேறு எதையும் தொடவில்லை. கோடை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். இப்போது பி0303 என்று வந்தது! காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது. கோடு மாறாமல் இருந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்த்திருப்பாராம். பிளக்கையும் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்ததால் அதையே திருப்பிப் போட்டார்.

காயில் 1,900, கூலி 400. மொத்தம் 2,300 ரூபாய். நடுக்கம் நின்றது.

இரண்டு தொட்டியில் அவரை விதை போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைப்போமே, நினைவிருக்கிறதா? "மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும், ஒன்றை மட்டும் மாற்று" என்று வருடாவருடம் சொன்னேன். அதைப் பரீட்சைக்கு எழுதியவர்கள் நிறையப் பேர். ஒருவர் தொழிலாகவே செய்துகொண்டிருக்கிறார்.

பணம் மிச்சமானதற்காக மட்டும் இதை எழுதவில்லை. புது மவுண்ட் போட்டிருந்தால் நடுக்கம் ஓரளவு குறைந்திருக்கும். சரியாகிவிட்டது என்று நானும் நம்பியிருப்பேன். உள்ளே எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய், அதைச் சூடாக்கிக் கெடுத்திருக்கும். அதை மாற்றும் செலவு காயில் விலையைப் போலப் பல மடங்கு. நோயைத் தீர்க்காமல் அறிகுறியை மட்டும் அமுக்கும் வைத்தியம், வைத்தியமே செய்யாமல் இருப்பதைவிட மோசம் என்பது என் கருத்து.

பணிமனைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க" என்று அவசரப்படுத்துவது நாம்தானே. சோதித்துப் பார்ப்பதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம், பாகத்துக்குப் பத்தாயிரம் கொடுக்கிறோம்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுவான். கவனமில்லை என்று நானே முடிவு கட்டி, இம்போசிஷன் எழுதவைத்தேன். பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தபோதுதான் அவனுக்குத் தூரப்பார்வை சரியில்லை என்று தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு ஒழுங்காக எழுதினான். அந்த ஆறு மாத இம்போசிஷனுக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. நானும் "அனுபவம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் வேண்டுகோள்கள்:

வண்டி நடுங்கினால் அது எப்போது நடுங்குகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். மூன்று சிலிண்டர் வண்டிகளில் லேசான அதிர்வு இயல்பு. அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், "இதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மார்க் குறைந்து வந்தாலும், டியூஷனை மாற்றுவதற்கு முன் அதே கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்